தேக்சா எடுத்துக் கொடுத்த பெரியவருக்கு நன்றி

வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று நடந்த சிப்பாய் எழுச்சியை நாடகமாகப் போடுகிறோம். சிப்பாய்கள் சமைத்துச் சாப்பிடும் காட்சிக்குச் செம்புத் தேக்சா வேண்டும். அலுமினியமும் எவர்சில்வரும் அப்போது ஏது? புதுச் செம்பின் விலையோ எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

பழைய பாத்திரக் கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற பெரியவர், "அதை எடுக்காதீங்க தம்பி, மெஷின்ல செஞ்சது" என்றார். வெளிச்சத்தில் சாய்த்து, உள்ளே சீராக ஓடும் வட்டக் கோடுகளைக் காட்டினார். அப்புறம் அவரே குவியலைக் கிளறி, சுத்தியல் தடம் தாறுமாறாக விழுந்த ஒன்றை உருவினார். பக்கவாட்டில் தகடும் தகடும் பல் பல்லாகக் கோத்துப் பற்றவைத்த தழும்பு. விளிம்பு நசுங்கியிருந்ததைச் சாக்காக வைத்து, பழஞ்செம்பு எடை விலைக்கே முடித்துக் கொடுத்தார். கடைக்காரர் முகத்தைப் பார்த்திருக்கணும்!

அதோடு விடவில்லை. உள்ளே வெள்ளீயப் பூச்சு தேய்ந்திருக்கிறது, புளி பட்டால் களிம்பு ஏறும் என்று ஈயம் பூசுகிறவரிடமும் அழைத்துப் போனார். பாத்திரத்தைச் சுடவைத்து, நவச்சாரம் தூவி, உருகிய ஈயத்தைப் பஞ்சால் ஒரு இழுப்பு. கறுத்த உள்பக்கம் வெள்ளியாய் மின்னியது. வெறும் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றக் கூடாதாம். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், சரிதானே.

ஐயா, பெயரைக் கேட்டதற்குச் சிரித்துவிட்டு பஸ் ஏறிவிட்டீர்கள். இதைப் பார்த்தால் நாடகத்துக்கு அவசியம் வாங்க. மேடையில் நிஜமாகவே சோறு வேகும், முதல் தட்டு உங்களுக்குத்தான்.