தகரக் கூரையும் நானோ ஆய்வும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பொறியியல் ஆய்வுகள் குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையை என் தறிப்பட்டறையில் உட்கார்ந்து, துண்டால் வியர்வையைத் துடைத்தபடியே படித்தேன். இரண்டு பொருள்களுக்கு நடுவே உள்ள இடைவெளி 10 மைக்ரோமீட்டருக்கும் (ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே போய்விட்டால், சூடான பொருள் எவ்வளவு கதிரை உமிழலாம் என்று சொல்லும் பிளாங்க் விதியின் வரம்பையும் மீறி வெப்பம் தாவுகிறது என்ற பகுதி அருமை. மாணவர்களுக்குச் சமூகப் பொறுப்பையும் கற்பிக்க வேண்டும் என்று கடைசிப் பத்தி ஒன்று, ஒட்டாமல் நின்றது. இரண்டையும் ஏன் பிரித்து வைக்க வேண்டும்?

சேலம் கொண்டலாம்பட்டியில் என் பட்டறைக்குத் தகரக் கூரை. சித்திரையில் காலை பதினொரு மணிக்கே, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் காய்ந்து அறுபடத் தொடங்கிவிடும். தரையில் தண்ணீர் தெளித்துத்தான் தறி ஓட்டுகிறோம். போன கோடையில் சேவை முகாம் என்று சில கல்லூரி மாணவர்கள் வந்து வேப்பங்கன்று நட்டார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். கன்றை ஆடு தின்றுவிட்டது, அது வேறு கதை. அவர்களில் ஒரு பையன் வெப்பக் கதிரை வைத்துத் தொடாமலே சூட்டை அளக்கும், துப்பாக்கி போன்ற வெப்பமானியை எடுத்துக் கூரையின் அடிப்பக்கத்தைக் குறிபார்த்தான். துருப்பிடித்த பழைய தகடு 58 டிகிரி. பளபளக்கும் புதுத் தகடு 39. "புதுசு சூடாகவே இல்லையே ஐயா" என்றான். ஏணியைப் போட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். கையை உதறிக்கொண்டே இறங்கினான்.

நானும் பாலிடெக்னிக் படித்தவன்தான். பளபளப்பான உலோகம் வெப்பக் கதிரை அவ்வளவாக உமிழாது. அந்தக் கருவிக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, தகட்டில் எதிரொளித்த தரையின் சூடு. ஏற்காட்டில் மார்கழி விடியலில், பெயின்ட் அடித்த ஜீப்பின் கூரையில் பனி வழிந்தோடும். பக்கத்திலேயே இருக்கும் எவர்சில்வர் குடம் அந்த அளவுக்கு நனையாது. பெயின்ட் இரவெல்லாம் தன் சூட்டை வானத்துக்குக் கொடுத்துக் குளிர்ந்துவிடுகிறது. அந்தச் சூட்டுக் கதிர்களில் 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரை அலைநீளம் உள்ளவற்றைக் காற்று பெரிதாகத் தடுப்பதில்லை.

2014-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இப்படி வானத்துக்குச் சூட்டைக் கொடுத்துக் குளிர்வதைப் பட்டப்பகலிலேயே செய்து காட்டினார்கள். ஹாஃப்னியம் என்ற உலோகத்தின் ஆக்சைடும் சிலிக்காவும் மாறி மாறி ஏழு அடுக்கு, அடியில் வெள்ளிப் பூச்சு. மொத்தக் கனம் 2 மைக்ரோமீட்டர்கூட இல்லை. நேர்வெயிலில் அது சுற்றியிருந்த காற்றைவிட ஏறத்தாழ 5 டிகிரி குளிர்ந்தே இருந்தது. கொலுசு செய்யும் ஊர்க்காரனுக்கு வெள்ளி என்றதும் காது நிமிர்கிறது. ஆனால் கூரைக்கெல்லாம் அது கட்டுபடியாகாது. நமக்குச் சுண்ணாம்பு போதும்: வெயிலைத் திருப்பிவிடும், வெப்பக் கதிரையும் நன்றாக உமிழும். காற்றில் ஈரம் கூடினால் அந்தக் கதிரைத் தடுக்கும்; சென்னையைப்போல இங்கே அவ்வளவு ஈரமும் இல்லை.

சுண்ணாம்பு மழையில் கரைகிறது, பஞ்சுத் தூசி படிந்து வெண்மை போகிறது என்பதுதான் சிக்கல். எதைக் கலந்தால் நிற்கும், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும் என்று பார்ப்பது இறுதியாண்டு புராஜெக்ட் ஆகாதா? கடையில் ஆயத்தமாக விற்கும் புராஜெக்டை வாங்கி, அட்டை போட்டுக் கொடுப்பதற்கு இது எவ்வளவோ மேல். சமூகப் பொறுப்புக்கு மதிப்பெண் போட வேண்டுமானால், பாவு எத்தனை முறை அறுந்தது என்று என் தறிக்காரரிடம் கேட்டுப் போடட்டும்.

கூரையில் பாதிக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். மறுபாதி வெறும் தகடு. எந்தக் கல்லூரி மாணவர்களும் வந்து அளக்கலாம். ஏணி இருக்கிறது. தகட்டில் ஒட்டி அளக்கிற வெப்பமானியாகக் கொண்டு வரட்டும்.

இப்படிக்கு,
விசைத்தறிப் பட்டறை உரிமையாளர்,
கொண்டலாம்பட்டி, சேலம்.