லேன் அசிஸ்ட் எங்க கோட்டை விடும்னு யாராவது சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல வர்ற கார் பகுதிய தவறாம படிக்கிறவன் நான். புது கார் எது வந்தாலும் இதுல லேன் அசிஸ்ட் (கேமராவால ரோட்டுக் கோட்ட பாத்து ஸ்டியரிங்க தானா திருப்புற வசதி) இருக்குன்னு ஒரு வரி போடுறீங்க, ஆனா அத வாங்கிட்டு முதல் நாள் ஹைவேல ஏறுறவன் எதை நம்பணும் எங்க நம்பக்கூடாதுன்னு ஒரு பத்தி வந்ததா எனக்கு ஞாபகம் இல்ல. ஒரு வருஷமா அதோட ஓட்டிட்டு இருக்கேன், அதனால நானே எழுதுறேன், நீளமாப் போனா பொறுத்துக்கங்க.

முதல் ரெண்டு வாரம் எனக்கும் அதுக்கும் ஒத்தே வரல. ஸ்டியரிங் தானா லேசா திரும்புறப்ப பக்கத்துல உக்காந்திருக்கவங்க கைய நீட்டி இழுத்த மாதிரி இருக்கும், நான் உடனே எதிர்ப்பக்கம் இழுப்பேன், அது மறுபடி இழுக்கும். லேன் மாறப் போனா ஸ்டியரிங் கனமாகி நின்னுக்கும். இண்டிகேட்டர் போடாம மாறுனா, இவன் தூங்கி வழியறான்னு அது எடுத்துக்குதுன்னு அப்புறம்தான் புரிஞ்சுச்சு, இண்டிகேட்டர் போட்டா பேசாம விட்டுடும். அன்னைலேர்ந்து ஆளே இல்லாத ரோடா இருந்தாலும் இண்டிகேட்டர் போடாம நான் லேன் மாறுறதில்ல, அந்த ஒரு பழக்கத்துக்கே அதுக்கு நன்றி சொல்லணும்.

இன்னொரு குழப்பம், லேன் அசிஸ்ட்னு ஒரே பேர்ல ரெண்டு வேலைய சொல்றாங்க. ஒண்ணு கோட்டுப் பக்கம் ஒதுங்கினா மட்டும் உள்ள தள்ளிவிடுறது. இன்னொண்ணு லேனுக்கு நடுவுலயே பிடிச்சு வச்சு ஓட்டுறது, இது பெரும்பாலும் வேகத்த தானா பாத்துக்கிற க்ரூஸ் கன்ட்ரோலோட சேர்ந்து வரும். முதல் வகைய வச்சிருக்கவங்க ரெண்டாவத நெனச்சு கைய தளர்த்தினா கார் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் மாறி மாறி முட்டிட்டுதான் போகும்.

இது வேண்டாத வசதின்னு சொல்ல வரல. கணக்கு போட்டுப் பாருங்க. லேன் அகலம் 3.5 மீட்டர், கார் அகலம் 1.8 மீட்டர்னு வச்சா ரெண்டு பக்கமும் 85 சென்டிமீட்டர்தான் மிச்சம். மணிக்கு 100 கிலோமீட்டர்ல போறப்ப ஒரு வினாடிக்கு 28 மீட்டர் ஓடுறோம். ஸ்டியரிங் விலகி கார் மூக்கு ஒரே ஒரு டிகிரி திரும்பினாலும் வினாடிக்கு அரை மீட்டர் பக்கவாட்டுல நகரும், ரெண்டு வினாடி ஆகுறதுக்குள்ள சக்கரம் கோட்ட தொட்டுடும். ஒரு கொட்டாவி விட்டு முடிக்கிற நேரம்ங்க அது. அந்த நேரத்துல அது பிடிச்சு நிறுத்துறது பெரிய விஷயம், நாலு மணி நேரம் ஓட்டிட்டு இறங்குனா தோள்பட்டை வலி பாதிதான் இருக்கு, இது என் அனுபவம்.

அப்படித்தான் மூணாவது மாசம் முழுசா நம்ப ஆரம்பிச்சேன். அந்த மாசத்துல ஒரு ராத்திரி, மழை விட்டு கொஞ்ச நேரந்தான் ஆகியிருக்கும், ரோடு அகலப்படுத்துற வேலை நடக்குற இடம். பழைய கோட்ட சுரண்டிட்டு நாலடி தள்ளி புதுக்கோடு போட்டிருந்தாங்க. ஈரத்துல லைட் பட்டதும் சுரண்டின தடம் வழவழன்னு மின்னுது, புதுக்கோடு மங்கலாத்தான் தெரியுது. கேமரா பழைய தடத்த பிடிச்சுக்கிச்சு. ஸ்டியரிங் என் விரலுக்கு அடியில மெதுவா இடது பக்கம் போச்சு, எதிர்ல ஆரஞ்சு ட்ரம் வரிசை. வெடுக்குனு இழுத்தேன், தப்பிச்சேன். ஒரு பீப் கூட வரல. மீட்டர்ல அந்த லேன் படம் கடைசி வரைக்கும் பச்சையாவே இருந்துச்சு.

அந்த பச்சைதான் எனக்கு அதுக்கப்புறம் ரெண்டு நாள் தூக்கத்த கெடுத்துச்சு. கோடு தெரியலன்னா அது ஒழுங்கா சொல்லிடும், படம் வெள்ளையாகும், சத்தம் போடும், நாம பிடிச்சுக்கலாம். தப்பான கோட்ட பிடிச்சா சொல்லவே சொல்லாது, ஏன்னா அதப் பொறுத்தவரைக்கும் எல்லாம் சரியாத்தான் இருக்கு. பச்சைன்னா ஏதோ ஒரு கோடு தெரியுதுன்னுதான் அர்த்தம், ரோடு புரிஞ்சுதுன்னு அர்த்தம் இல்ல. இத டெலிவரி எடுத்த அன்னைக்கே ஒருத்தர் ஒரு நிமிஷம் சொல்லியிருந்தா போதும்.

2018 மார்ச்ல கலிஃபோர்னியாவுல மவுண்டன் வியூங்கற ஊர்ல நடந்த விபத்தோட விசாரணைய அப்புறம்தான் தேடிப் படிச்சேன். ஹைவே ரெண்டா பிரியுற இடம், கோடு மங்கிப்போயிருக்கு, லேன் பிடிச்சு ஓட்டுற சிஸ்டம் ஆன்ல இருந்த கார், பிரிவுக்கு நடுவுல இருக்குற காலி இடத்துக்குள்ள புகுந்து தடுப்புல மணிக்கு சுமார் 114 கிலோமீட்டர் வேகத்துல மோதிடுச்சு, ஓட்டினவர் இறந்துட்டார். கடைசி 6 வினாடி ஸ்டியரிங்ல கை இருந்ததா பதிவே இல்ல. படிச்சப்ப அந்த ஈரத்தடம்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு.

கவனமா இருந்திருக்கலாமேன்னு ஈசியா சொல்லிடலாம். ஆனா எதுவும் செய்யாம பாத்துட்டே இருக்குற வேலைக்கு மனுஷன் லாயக்கில்லன்னு 1948லயே நார்மன் மேக்வொர்த்ங்கறவர் சோதனை பண்ணி காட்டிட்டார், ரேடார் பாக்குற ஆளுங்களுக்காக பண்ணினது, ஒரு முள்ளு நகர்றத ரெண்டு மணி நேரம் பாத்துட்டே இருக்கணும், முதல் அரை மணி நேரத்துலயே தவறவிடுறது ஏறிடுச்சு. இந்த சிஸ்டம் நம்மகிட்ட கேக்குறதும் அதே வேலையத்தான். தானா ஓடுற வசதிகள தரம் பிரிச்சு எஸ்ஏஇங்கற இன்ஜினியர்கள் அமைப்பு போட்ட 0லேர்ந்து 5 வரைக்கும் உள்ள பட்டியல்ல, க்ரூஸ் கன்ட்ரோலோட சேர்ந்து லேன் நடுவுல பிடிக்கிற இந்த வகை லெவல் 2, அதாவது ஸ்டியரிங்கையும் வேகத்தையும் அது பாத்துக்கிட்டாலும் ஓட்டுனர் நாமதான். கை எடுத்தா கத்துமேன்னு கேப்பீங்க, கார் ஸ்டியரிங்குக்கான ஐநா விதி 79 படி 15 வினாடிக்குள்ள கண்ணுக்குத் தெரியுற எச்சரிக்கை வந்தா போதும், 100ல போற கார் அதுக்குள்ள 400 மீட்டருக்கு மேல போயிருக்கும். அந்த எச்சரிக்கை கூட வராம இருக்க ஸ்டியரிங்ல வெயிட் கட்டி ஏமாத்துறவங்க இருக்காங்க, அவங்கள நெனச்சா வயிறு எரியுது, எதிர்ல வர்றவனும் ஒரு குடும்பத்துக்காரன்தானே.

இப்ப நான் ஓட்டுற விதமே வேற. ரெண்டு கையும் லேசா ஸ்டியரிங்லயே இருக்கும், அது இழுக்குறது விரல்ல தெரியணும், ஆனா அதோட மல்லுக்கட்டக்கூடாது. மீட்டர்ல பச்சைய பாக்குறதுக்கு முன்னாடி ரோட்ல கோட்ட பாப்பேன், என் கண்ணுக்கே சிரமமா இருந்தா அதுக்கும் சிரமம்தான். ரோடு வேலை போர்டு தெரிஞ்சாலோ, ரோடு பிரியுற இடம் வந்தாலோ, வெயில் நேரா கண்ணாடில அடிச்சாலோ, கனமழைன்னாலோ, அது தடுமாறுற வரைக்கும் காத்திருக்காம நானே பட்டன தட்டி நிறுத்திடுவேன். கண்ணாடில கேமரா முன்னாடி ஒரு உள்ளங்கை அளவு இடம் இருக்கு, கெளம்புறதுக்கு முன்னாடி அத துடைக்காம வண்டிய எடுக்குறதில்ல. இப்படி ஓட்டுனதுக்கப்புறம்தான் நேரான நல்ல ரோட்ல பயமில்லாம அதுகிட்ட விட முடியுது.

கார் குடுத்தவங்க மேல எனக்கு வருத்தம் இருக்கு. போன கனெக்ட் பண்ணவும் பாட்டு போடவும் உள்ள லைட் கலர் மாத்தவும் அரை மணி நேரம் நின்னு சொல்லிக்குடுத்தாங்க, லேன் அசிஸ்ட்டுக்கு மட்டும் "இந்த பட்டன அமுக்குங்க சார், அதுவே போகும்"னு ஒரே வரி. அந்த "அதுவே போகும்"தான் என்ன ட்ரம் வரைக்கும் கொண்டுபோய் விட்டுச்சு. மேனுவல்ல எங்கெல்லாம் வேலை செய்யாதுன்னு பக்கம் பக்கமா எழுதியிருக்கு, எத்தன பேர் படிக்கிறாங்க?

அதனால உங்க கார் பகுதில எழுதுறவங்ககிட்ட ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை டெஸ்ட் டிரைவ் எடுக்குறப்ப லேன் அசிஸ்ட் இருக்கு, நல்லா இருக்குன்னு நிறுத்திடாதீங்க. மழைல ஒரு தடவை, ராத்திரில ஒரு தடவை, ரோடு வேலை நடக்குற எடத்துல கைய கெட்டியா பிடிச்சுக்கிட்டு ஒரு தடவை ஓட்டுங்க. எந்த இடத்துல கோட்ட விட்டுச்சு, விட்டப்ப சொல்லிட்டு விட்டுச்சா சொல்லாம விட்டுச்சான்னு ரெண்டு வரி எழுதுங்க. அடுத்த மாசம் என் தங்கச்சி இதே மாதிரி கார்தான் எடுக்கப் போறா, உங்க பகுதிய படிச்சுட்டுத்தான் எந்த கார்னு முடிவு பண்ணுவா.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்