கலைத் திருவிழா சரி, ஓவிய வகுப்பு எங்கே?

தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறைக்கும், அதற்குப் பணம் ஒதுக்கும் நிதித் துறைக்கும்,

வணக்கம். கிராமத்து அரசு நடுநிலைப்பள்ளி ஒன்றின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2022இல் கலைத் திருவிழா தொடங்கியபோது, இதுவும் ஒரு விளம்பரம் என்று நினைத்தவர்களில் நானும் உண்டு. பள்ளி, வட்டாரம், மாவட்டம் என்று பிள்ளைகள் மேடையேறிப் போவதைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

ஆனால் அந்த மேடைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது யார்? எங்கள் பள்ளியில் ஓவியத்துக்கும் ஆசிரியர் இல்லை, இசைக்கும் இல்லை. சிலர் யூடியூப் பார்த்துப் பழகுகிறார்கள். வெளியே காசு கட்டிக் கற்ற பிள்ளை பரிசு வாங்குகிறது. ஏற்கெனவே பாடத் தெரிந்தவரைக் கண்டுபிடிக்கத் திருவிழா போதும். தனக்குப் பாட வருமா என்றே தெரியாத பிள்ளைக்கு வாரா வாரம் ஒரு வகுப்பு வேண்டும்.

இந்தக் குறைக்கு வேர் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. ஆறு முதல் எட்டு வரை நூறு பேருக்கு மேல் படித்தால்தான் கலைக்கு ஒருவர், அவரும் பகுதிநேரம் என்கிறது அதன் அட்டவணை. எங்களிடம் அத்தனை பிள்ளைகள் இல்லை. சிற்றூர்ப் பள்ளிகள் பலவற்றுக்கும் இதே கதைதான்.

எண்ணிக்கை இருந்த பள்ளிகளுக்காவது என்ன கிடைத்தது? ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி என்று 2012இல் 16,549 பேரை எடுத்தார்கள். வாரம் மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய். சம்பளம் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது, உண்மைதான். ஆனாலும் பகுதிநேரம் என்ற பெயர் போகவில்லை. பல ஆண்டுகளாகப் பணி நிரந்தரம் கேட்டுப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். பிழைப்புக்கு வேறு வேலையும் பார்க்கும் ஆசிரியரிடம், மாலையில் இருந்து பிள்ளைகளுக்கு நாடகம் பழக்குங்கள் என்று எந்த வாயால் கேட்பது?

சட்டம் சொல்வது குறைந்தபட்சத்தை. அதற்கு மேல் செய்ய மாநிலத்துக்குத் தடையில்லை. மதிய உணவுக்கு நாம் டெல்லியை எதிர்பார்த்து நின்றோமா? 1956லேயே இங்கே தொடங்கிவிட்டது, நாடு தழுவிய திட்டம் வந்தது 1995இல்தான். அதே துணிவு இதற்கும் வேண்டும். பள்ளிக்கல்விக்கு ஒன்றிய அரசும் மாநிலமும் சேர்ந்து பணம் போடும் சமக்ர சிக்ஷா திட்டத்தில், 2024-25க்கான 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தியபோது, அந்தச் சண்டையில் நாங்கள் மாநிலத்தின் பக்கம் நின்றோம். அதே திட்டப் பணத்தை நம்பியே கலை ஆசிரியரின் சம்பளமும் இருப்பதுதான் பயமாக இருக்கிறது. மாநில வரவுசெலவுத் திட்டத்திலேயே அதற்குத் தனித் தலைப்பு போடுங்கள்.

கலை படித்தால் கணக்கில் மதிப்பெண் கூடும் என்று நான் வாதாடப் போவதில்லை. கூடினால் நல்லது, கூடாவிட்டாலும் ஓவியம் ஓவியம்தான். பிழைப்புக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். கட்டடக்கலைப் படிப்புக்கான நாட்டா நுழைவுத் தேர்வில் வரையவும் சொல்கிறார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை பயிற்சி மையத்துக்குப் போகும். எங்கள் பிள்ளைகளில் பலருக்கு அப்படி ஒரு தேர்வு இருப்பதே தெரியாது.

சின்னப் பள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசிரியர் கேட்கவில்லை. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நான்கைந்து பள்ளிகளுக்குச் சேர்த்து ஒரு முழுநேர ஓவிய ஆசிரியர், ஓர் இசை ஆசிரியர் போதும். அப்புறம், நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கும் பறை, கரகம், தெருக்கூத்துக் கலைஞர்களை வகுப்புக்குள் அழைத்து வாருங்கள். பறை என்றால் சாவு வீட்டு மேளம் என்று ஒதுக்கும் வீடுகள் எங்கள் பக்கம் இன்னும் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து அதை அடித்துப் பழகட்டும். ஆனால் கலைஞருக்குப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாதீர்கள், மாதச் சம்பளம் கொடுங்கள்.

கூடவே வண்ணமும் தாளும் வாங்கப் பள்ளிக்கென்று ஒரு தொகை. இப்போது அதை வகுப்பாசிரியர்கள்தான் கைக்காசு போட்டு வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி மாணவியின் தாய்