ஆலன் ரெய்னை அலமாரிக்குத் திருப்புங்கள்

எங்கள் ஊர் நூலகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். இடப் பற்றாக்குறை, புத்தகம் கழிக்கும் விதி எல்லாம் தெரிந்ததுதான். ஆனாலும் வாசல் தள்ளுவண்டியில், பழைய சமையல் புத்தகங்களுக்கு நடுவே, 50 பென்ஸ் சீட்டு ஒட்டி, ஆலன் ரெய்ன் என்ற புனைபெயரில் எழுதிய வேல்ஸ் நாவலாசிரியையின் புத்தகங்களைப் போட்டிருக்கிறீர்களே, அது தகுமா? கேட்டால், "பழைய காதல் கதைதானே, யார் எடுக்கிறார்கள்?" என்கிறார் மேசையில் இருந்தவர். தயவுசெய்து அவற்றைத் திரும்ப அலமாரியில் வையுங்கள்.

1836இல் வேல்ஸின் நியூகாசில் எம்லினில் பிறந்தவர் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய முதல் நாவல் 'எ வெல்ஷ் சிங்கர்' 1897இல் அச்சேறியபோது அவருக்கு வயது 60. ஆடு மேய்க்கும் மிவன்வி பெரிய பாடகியாகும் கதையை ஜனங்கள் விழுந்து விழுந்து படித்தார்கள். அவர் நாவல்கள் 20 லட்சம் பிரதிக்கு மேல் விற்றன. அப்போது எடுக்க ஆள் இருந்தது!

வங்கியில் வேலை பார்த்த கணவருக்கு 1900இல் மனநோய். லண்டனை விட்டு இருவரும் வேல்ஸின் ட்ரெசைத் கடலோரத்துக்கு வந்துவிட்டார்கள். 1906இல் கணவர் இறக்கும்வரை உடனிருந்து பார்த்துக்கொண்டதும் இவர்தான், நடுவே நாவல் நாவலாக எழுதியதும் இவர்தான். எந்த நேரத்தில் பேனாவை எடுத்தாரோ! 1904இல் வேல்ஸையே பிடித்து ஆட்டிய கிறிஸ்தவ சமய எழுச்சியை, சூடு ஆறுவதற்குள் 'குயின் ஆஃப் தி ரஷஸ்' என்ற நாவலாக்கிவிட்டார். 1908இல் மார்பகப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. இதுவும் காதல் கதைதான், இல்லையென்று யார் சொன்னது?

ஆங்கிலத்தில் எழுதிய வேல்ஸ் இலக்கியத்தின் தந்தை என்று, 1915இல் முதல் கதைத் தொகுப்பு போட்ட கேரடாக் எவன்ஸைச் சொல்கிறார்கள். அதே மேற்கு வேல்ஸ் கார்டிகன்ஷயர் ஜனங்களை 18 ஆண்டு முன்பே எழுதிய பெண்மணிக்கு ஓர் உறவுமுறையும் கிடையாது. பிள்ளை பிறக்கத் தந்தை ஒருவரே போதும்போல. பேராசிரியர்கள் கணக்கு அது, நமக்கெதற்கு.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மேசையில் இருந்தவர்மேல் வருத்தமில்லை. தள்ளுவண்டியில் கிடந்தவற்றில் இரண்டை நான் வாங்கி வைத்திருக்கிறேன். காசு வேண்டாம், திருப்பித் தருகிறேன், அலமாரியில் வையுங்கள். கழிவு முத்திரை குத்தியது குத்தியதுதான் என்றால், 1998இல் ஹொன்னோ பதிப்பகம் கொண்டுவந்த 'குயின் ஆஃப் தி ரஷஸ்' மறுபதிப்பில் ஒரு பிரதியாவது வரவழைத்துத் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் உறுப்பினர் ஒருவர்