அண்ணாநகர் உள்தெருக்களில் வாகன வேகத்தைக் குறைக்கும் பணி: நன்கொடை வேண்டுகோள்

பெருமதிப்பிற்குரிய நம் நான்கு தெருக்களின் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் குழுவினரின் பணிவான வணக்கம்.

‘நமக்கு நாமே’ திட்டத்தின் கீழ் நம் தெருக்களுக்குத் தயாராகியுள்ள மதிப்பீடு ரூ. 9,60,000. அதில் மூன்றில் ஒரு பங்கான ரூ. 3,20,000ஐ மக்கள் முதலில் கட்டினால்தான் எஞ்சியதை அரசு ஏற்கும். இன்றுவரை சேர்ந்தது ரூ. 2,05,000, குறைவது ரூ. 1,15,000. இம்மாதம் 25ஆம் தேதிக்குள் வரைவோலை எடுத்துக் கொடுக்காவிட்டால், பணி அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளிப்போய்விடும்.

நடுவக்கரையின் வயல்வெளியாக இருந்த இப்பகுதியில் 1968ஆம் ஆண்டு உலக வர்த்தகப் பொருட்காட்சி நடந்ததையும், அதற்காக எழுந்த கோபுரம் இன்றும் பூங்காவில் நிற்பதையும் நம் பிள்ளைகள் அறிவார்கள். ஆனால் அதன்பின் மனை வாங்கிக் குடிவந்த முதல் தலைமுறையினர், வேப்பங்கன்றும் புங்கங்கன்றும் நட்டு, வீட்டுக் கிணற்று நீரைச் சுமந்து ஊற்றி வளர்த்து, தெருமுனைப் பிள்ளையாருக்குக் கூரை போட்டு, மார்கழியில் தெருவை அடைத்துக் கோலமிட்டு வாழ்ந்த வாழ்வைச் சொல்ல இன்று சிலரே இருக்கிறார்கள். நேராகவும் அகலமாகவும் தெருக்கள் அமைந்ததே அன்று நமக்குப் பெருமை. இன்று அந்த நேரும் அகலமுமே வேகத்துக்கு இடம் கொடுக்கின்றன. மெட்ரோ சுரங்கப் பணி நடந்த ஆண்டுகளில் உள்ளே திரும்பிய வண்டிகள், 2017இல் ரயில் ஓடத் தொடங்கிய பிறகும் வெளியேறவில்லை. இரண்டாவது அவென்யூ சிக்னலைத் தவிர்க்க நம் வாசல்களே குறுக்குவழியாகிவிட்டன.

வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். மக்கள் நடமாடும் தெருக்களில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம் என 2020ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் பிரகடனம் வலியுறுத்தியது இதனால்தான். பால் வாங்கப் போன நம் தெருப் பெரியவர் ஒருவர் இடுப்பெலும்பு முறிந்து இன்னும் படுக்கையில் இருக்கிறார். இதற்குப் பிறகும் காத்திருப்பது முறையல்ல.

“நாமே இரண்டு சட்டி சிமெண்டு கொட்டி வேகத்தடை போட்டால் போதாதா” என்று சிலர் கேட்கிறார்கள். போதாது, அது தவறும்கூட. அனுமதியின்றிப் போடும் குறுகலான மேடு இரவில் இருசக்கர வண்டியைக் கவிழ்க்கும், ஆம்புலன்சில் போகும் நோயாளியை வதைக்கும். இந்திய சாலைப் பேராயம் வகுத்த அளவு 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட வளைவான மேடு. மணிக்கு 25 கிலோமீட்டரில் ஏறி இறங்கினால் உடல் குலுங்காது. அத்தகைய மேடுகளும், பள்ளி வாசலில் நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திய ஒரு பாதசாரிக் கடவையும், ஒளிரும் வண்ணக்கோடுகளும், எச்சரிக்கைப் பலகைகளும் மதிப்பீட்டில் அடங்கியுள்ளன.

கண்காணிப்புக் கேமரா பொருத்தியபோதும் மரங்களுக்குக் கூண்டு அமைத்தபோதும் கேட்கும் முன்பே கொடுத்த குடும்பங்கள், இம்முறையும் முதல் நாளிலேயே கொடுத்தன. ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை உறையிலிட்டு அனுப்பிய ஆசிரியை அம்மாவுக்கும், வெளிநாட்டிலிருந்து பெற்றோர் பெயரில் அனுப்பிய பிள்ளைகளுக்கும், கோயில் உண்டியலுக்கு நேர்ந்த பணத்தை இதுவும் சாமி காரியமே என்று தந்த தாயாருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் ரூ. 1,000 கொடுத்தார். இங்கே அவருக்கு வீடில்லை. இரண்டு கார் நிறுத்தியிருக்கும் சில வீடுகளின் பெயர் இன்னும் பட்டியலில் ஏறவில்லை என்பதை வருத்தத்துடன் குறிப்பிடுகிறோம்.

வழிநடைக்கு நிழல் மரமும் தண்ணீர்ப் பந்தலும் அமைத்தது நம் முன்னோரின் அறம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கிவைக்க வழியோரம் சுமைதாங்கிக் கல் நட்டவர்கள் அவர்கள். மறைந்த உங்கள் உறவினரின் நினைவாகவும் இந்த நன்கொடையை வழங்கலாம்.

இதுவரை கொடுக்காத 230 வீடுகளும் ஆளுக்கு ரூ. 500 கொடுத்தால் குறை தீர்ந்துவிடும். வரும் ஞாயிறு காலை குழுவினர் ரசீதுப் புத்தகத்துடன் வீடு வீடாக வருவார்கள். ஊரில் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டாரிடம் கொடுத்து வைக்கலாம். வரவு செலவுக் கணக்கு மாதந்தோறும் பிள்ளையார் கோயில் பலகையில் ஒட்டப்படும்.