சின்னவனுக்கு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய போட்டோவில் டோக்கியோ ஷிமிசுதானி பார்க்கில் நிற்கிற அந்த உயரமான கல் யாருடையது என்று தேடிப் படித்தேன். அந்தக் காலத்தில் ஜப்பான் அரசை நடத்திய ஒகுபோ தோஷிமிச்சி என்ற தலைவருக்கு வைத்தது. 1878 மே 14 காலையில் குதிரை வண்டியில் போய்க்கொண்டிருந்தவரை அந்தப் பக்கத்தில்தான் ஆறு பேர் மறித்து வாளால் வெட்டியிருக்கிறார்கள். நீ தினமும் நடக்கிற வழி. வெளியே போனால் ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

அவரும் சைகோ தகாமோரி என்பவரும் தெற்கே ககோஷிமாவில் ஒரே பேட்டையில் வளர்ந்தவர்கள், சைகோ கொஞ்சம் மூத்தவர், இரண்டு பேருமாகத்தான் ஷோகுன் என்ற ராணுவத் தலைவர்களின் ஆட்சியைச் சாய்த்தார்கள். 1871 கடைசியில் இவாகுரா என்பவர் தலைமையில் போன அரசுத் தூதுக்குழுவோடு ஒகுபோ அமெரிக்கா கிளம்பியபோது, பத்து வயது மகனையும் கூட்டிப்போய் அங்கேயே படிக்க விட்டாராம். உன்னை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் திரிந்தேன்.

மேல்நாட்டு ஆலைகளைப் பார்த்துவிட்டு வந்த ஒகுபோ, முதலில் நாடு தேறட்டும், கொரியாவோடு மோதல் இப்போது வேண்டாம் என்றார். சைகோ தானே கொரியாவுக்குத் தூது போவதாக நின்றார். 1873-ல் அதோடு முறிந்து சைகோ ஊருக்குப் போய்விட்டார். 1877-ல் ககோஷிமாவில் சைகோ தலைமையில் கலகம், அடக்கப் படை அனுப்பிய அரசில் உள்துறை அமைச்சர் ஒகுபோ. தெற்கே சண்டை நடக்கும்போதே டோக்கியோ உவேனோவில் தொழிற்பொருட்காட்சியும் நடத்தினார். செப்டம்பர் 24-ல் சைகோ செத்தார், எட்டு மாதத்துக்குள் இவரும் போய்விட்டார்.

யார் பக்கம் நியாயம் என்று படித்தவர்கள் பேசட்டும். நான் ஒகுபோ பக்கம்தான். ஆனால் அந்த நாலு வருஷத்தில் ஒருவராவது இறங்கிப் போயிருக்கலாமே என்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அண்ணனிடம் பேசினாயா? போனில் கேட்டால் 'ம்' என்கிறாய். அவன் மகள் காதுகுத்துக்குக்கூட ஒரு வார்த்தை இல்லை. படித்த பிள்ளை செய்கிற காரியமா இது? வேளைக்குச் சாப்பிடு, ஸ்வெட்டர் போடு.

சரி, சொல்லிவிடுகிறேன். கிணற்றுமேட்டு நிலத்தை அவன் பேருக்கு எழுதியபோது, 'சின்னவன் சம்மதித்துவிட்டான்' என்று அவனிடம் சொன்னது நான். உன்னை நான் கேட்கவே இல்லை. கேட்டால் மறுப்பாயோ என்று பயம். நீ தெரிந்தே விட்டுக்கொடுத்துவிட்டு இப்போது முறைக்கிறாய் என்று அவன் நினைக்கிறான், அவன் பறித்துக்கொண்டான் என்று நீ நினைக்கிறாய். மூன்று வருஷமாக இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கும் தெரியாது.

சாயந்திரம் உரம் எடுக்க அண்ணன் வருவான். அவனிடம் நானே சொல்கிறேன். அவன் போன் போட்டால் எடு.

அப்பா