எனக்குத் தினமும் போன் வேண்டாம்

பாம்பன் தெற்குவாடி
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ பெங்களூருக்கு ரயில் ஏறி நாலு நாளாகிவிட்டது. உன் பையிலிருந்து எடுத்து வைத்த சாமான்கள் இன்னும் கட்டிலில்தான் கிடக்கின்றன. மூன்று பவர் பேங்கில் இரண்டு, ஜீன்ஸ், இரண்டாவது துண்டு, ஒரு தடிப் புத்தகம், முழு மருந்துக்கடையையும் அடைத்த அந்தச் சிவப்பு டப்பா. அப்பா மீன் நிறுக்கிற தராசில் பையைத் தொங்கவிட்டபோது 17 கிலோ காட்டியதே, உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். தண்ணீரும் சாப்பாடும் சேர்க்காமல் 9 கிலோவுக்குள் இருக்கணும் என்று சொன்னவளே நீதான். சரி, உண்மையையும் சொல்லிவிடுகிறேன், அந்தப் பதினேழில் ஒன்றரைக் கிலோ என் கைவேலை. கண்ணாடி பாட்டிலில் எலுமிச்சை ஊறுகாய், நீ தூங்கும்போது அடியில் சொருகியது.

எல்லாரும் கேட்கிறார்கள், இங்கேதான் உனக்குத் தெரியுமே. அமெரிக்காவில் பசிபிக் க்ரெஸ்ட் என்கிற மலைப்பாதையில், மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரைக்கும் 4,265 கிலோமீட்டர் நடக்கப்போகிறாள் என்றால் முதலில் சிரிக்கிறார்கள், அப்புறம் யாருக்கு என்ன வேண்டுதல் என்று கேட்கிறார்கள். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை ரயிலில் போனால்கூட அவ்வளவு தூரம் வராது என்று அப்பா கணக்குப் போட்டுச் சொன்னார். "அங்க ரயில் இல்லையாமா?" என்று ஒரு தடவை கேட்டதோடு சரி, இப்போது நீ விட்டுப்போன மேப்பை விரித்துவைத்துக்கொண்டு தினமும் கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்.

உன்னைத் தடுக்க இதை எழுதவில்லை. வேலையை விட்டாய், விசா வாங்கினாய், ஒரு நாளைக்கு ஐம்பது பேருக்குத்தான் என்கிற அந்த பெர்மிட்டும் கிடைத்துவிட்டது, இனிமேல் தடுத்து என்ன. போனில் பேசினால் நீ "சரிம்மா சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

முதலில் கால். பொங்கலுக்கு வந்தபோது ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை வரைக்கும் பையோடு நடந்து பார்க்கிறேன் என்று போனாயே, இருபது கிலோமீட்டர் சொச்சம், திரும்பி ஆட்டோவில் வந்து திண்ணையில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றினாய். இடது குதிகாலில் ஐந்து ரூபாய் காசு அளவுக்குக் கொப்புளம், அதற்குள் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது. எப்போது உறுத்த ஆரம்பித்தது என்று கேட்டேன், தனுஷ்கோடி சர்ச் தாண்டும்போதே என்றாய். அங்கேயே உட்கார்ந்து மணலைத் தட்டி, காலைக் காயவிட்டு, ஒரு டேப் ஒட்டியிருந்தால் பத்து நிமிஷம்தான் போயிருக்கும். நீ ஒன்பது நாள் நொண்டினாய். வேளாங்கண்ணிக்கு நான் நடந்த மூன்று வருஷத்திலும் பார்த்தது இதுதான், பாதியில் பஸ் ஏறியவர்களில் வயசானவர்கள் குறைவு, "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று சூட்டைப் பொறுத்துக்கொண்டு நடந்த இளவட்டங்கள்தான் அதிகம். குதிகாலில் சுருக்கென்று சூடு தெரிந்த உடனே உட்கார். கூட வருகிறவர்கள் போகட்டும்.

ஷூவை ஒரு சைஸ் பெரிதாக வாங்கு. மூன்றாம் நாளே எனக்குச் செருப்பு பத்தாமல் போனது, நீ ஐந்து மாசம் நடக்கப்போகிறாய், கால் வீங்கி அகலமாகத்தான் ஆகும். தொடை உரசும் இடத்துக்கு வாசலின், வெட்கப்படாமல், காலையிலேயே. வெயிலைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டாம், ஆனாலும் சொல்கிறேன். தொண்டி தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாங்கள் அதிகாலை மூன்று மணிக்கு ஜெபம் சொல்லிக் கிளம்பி, பத்து மணிக்கு எங்காவது நிழலில் சாய்ந்துவிட்டு, நாலு மணிக்கு மேல்தான் திரும்ப எழுந்திருப்போம். உன் பாதையிலும் முதல் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் பாலைவனம்தானே, அங்கேயும் மத்தியானம் நிழலில் படுத்துவிடுவார்கள் என்று நீயே சொன்னாய்.

தண்ணீர் விஷயத்தில் உனக்கு ஊர்க்காரி என்கிற தகுதி இருக்கிறது. கவர்மென்ட் உத்தியோகத்தில் ஒருத்தனைத் "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்று மிரட்டினால் அது நம்ம ராமநாதபுரம்தானே. சின்ன வயசில் நாங்கள் மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையோடு குந்தி உட்கார்ந்து, அது ஊறி ஊறி வர ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா. அவசரப்பட்டு அள்ளினால் உப்புக் கலந்து வந்துவிடும், எங்கம்மா முதுகில் ஒன்று வைப்பாள். நீ தொடங்கும் காம்போவிலிருந்து மொரேனா ஏரி வரைக்கும் 32 கிலோமீட்டர், நடுவில் நம்பிப் போகத் தண்ணீர் கிடையாது என்று மேப்பில் உன் கையெழுத்தே இருக்கிறது. லிட்டருக்கு ஒரு கிலோ, ஐந்து லிட்டர் என்றால் ஐந்து கிலோ, அதைக் குறைக்க நினைக்காதே, வேறு எதையாவது குறை. தண்ணீர் கிடைக்கும் இடத்தில் வயிறு முட்டக் குடித்துவிட்டு அப்புறம் பாட்டிலை நிரப்பு. புண்ணியவான்கள் வழியில் கேன் வைத்திருப்பார்கள் என்றாயே, இருந்தால் கும்பிட்டுவிட்டுக் குடி, இருக்கும் என்று நம்பிப் பாட்டிலைக் காலியாக்காதே.

சாப்பாட்டுக்கு ஒரு பரீட்சை செய்து பார்த்தேன். அடுப்பு எடுத்துப் போகமாட்டேன், குளிர்ந்த தண்ணீரில் ஊறுவதைத்தான் சாப்பிடுவேன் என்று சொன்னாய் இல்லையா, உலகத்துக்கே இப்போதுதான் தெரிகிறதுபோல, நமக்கு அதற்குப் பேர் அவல். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் கெட்டி அவல் ஒரு கை, தட்டின கருப்பட்டி, தேங்காய்த் துருவலை வறுத்துப் போட்டது, தண்ணீர் ஊற்றி முற்றத்தில் வைத்துவிட்டுப் போய் மீன் அரிந்துவிட்டு வந்தேன், பதமாக ஊறியிருந்தது. மெல்லிசு அவல் வேண்டாம், கூழாகிவிடுகிறது. இன்னொரு டப்பாவில் புளிப்பொடியும் மிளகாய்த்தூளும் நிலக்கடலையும் போட்டேன், அப்பா முழுசையும் சாப்பிட்டுவிட்டு ராத்திரிச் சோறு எங்கே என்று கேட்டார். நெத்திலிக் கருவாடு அனுப்பவா என்று நான் கேட்டதற்கு நீ ஏன் அப்படிச் சிரித்தாய் என்று இப்போதுதான் புரிகிறது. கரடி இருக்கிற மலையில் பற்பசையைக்கூட அந்தக் கெட்டி டப்பாவுக்குள் பூட்டி, படுக்கிற இடத்திலிருந்து தள்ளி வைக்கணுமாமே. கருவாடு வேண்டாம்.

ஆற்றைப் பற்றி அப்பா எழுதச் சொன்னது. ஜூன் மாசம் சியரா மலையில் பனி உருகி ஓடும் ஆறுகளை நீ இறங்கித்தான் கடக்கணும். பகல் ஏற ஏற உருகும், ஆறும் ஏறும், அதனால் சாயங்காலம் வந்து சேர்ந்தால் கரையில் படுத்துவிட்டு விடிகாலையில் கட. இறங்கும் முன்னால் பையின் இடுப்பு வாரையும் மார்பு வாரையும் கழற்றிவிடு. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு வலை இழுத்தவனுக்கு என்ன ஆச்சு என்று உனக்கு அவர் சொல்லியிருக்கிறார், அதே கதைதான் என்கிறார். விழுந்தால் பை போகட்டும்.

இனி நான் சொல்ல உட்கார்ந்ததற்கு வருகிறேன்.

நீ பிறப்பதற்கு முந்தின வருஷம் நடந்தது, உனக்குப் பாதிதான் தெரியும். அப்போது போனும் கிடையாது, ஜி.பி.எஸ்.ஸும் கிடையாது. அப்பா கடலுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று ஒரு கணக்குச் சொல்லிவிட்டுப் போவார், கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு அது பழக்கம். எந்தப் பக்கம் போகிறார், டீசல் எத்தனை நேரத்துக்கு இருக்கிறது, தண்ணீர் எத்தனை நாளுக்கு, எத்தனை மணிக்குக் கரைக்கு வரணும், எத்தனை மணி வரைக்கும் நான் பயப்படக் கூடாது, அதற்கு மேல் ஆனால் யாரிடம் போய்ச் சொல்லணும். அந்தத் தடவை மனோலித் தீவுக்குத் தெற்கே என்றார், காலை எட்டு மணி என்றார், கச்சான் காற்று அடித்தால் மத்தியானம் ஆகும் என்றார், விளக்கு வைக்கும் நேரத்துக்கும் வராவிட்டால் மேலவீட்டு அண்ணனிடம் சொல் என்றார். எட்டு மணியாச்சு, மத்தியானமாச்சு, நான் மீன் குழம்புகூட வைத்தேன், நம்பு. விளக்கு வைத்ததும் போய்ச் சொன்னேன். விடியுமுன் நாலு வல்லம் போனது, நேராக அந்தப் பக்கம்தான் போனார்கள், எங்கே தேடுவது என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. இன்ஜின் படுத்து, நீரோட்டத்தில் இழுத்துக்கொண்டு போயிருந்த படகை மறுநாள் சாயங்காலம் கட்டி இழுத்து வந்தார்கள். உதடு வெடித்திருந்தது. இறங்கியதும், "சொன்ன நேரத்துக்குத்தானே சொன்னே?" என்று கேட்டார் என்னிடம்.

அந்தக் கணக்கு இல்லாமல் இருந்திருந்தால் நான் காலை ஒன்பது மணிக்கே தெருவில் இறங்கிக் கத்தியிருப்பேன், இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று இரண்டு நாள் கழித்திருப்பேன். இரண்டுமே தப்பு.

அதனால் எனக்குத் தினமும் போன் வேண்டாம். டவர் இல்லாத இடத்தில் நின்று அம்மா பயப்படுவாளே என்று நீ பயந்துகொண்டிருக்கவும் வேண்டாம். கணக்கு கொடு. நீ கூடாரம் போடும் இரவு ஏழு மணி எனக்கு மறுநாள் காலை ஏழரை, கணக்குப் போட்டுப் பார்த்தாகிவிட்டது, காபி போடும் நேரம். டவர் இல்லாத இடத்திலும் செய்தி அனுப்பும் அந்த சாட்டிலைட் கருவியில் முன்கூட்டியே எழுதிவைக்கும் செய்திகளில் "நல்லா இருக்கேன், இங்கே படுக்கிறேன்" என்று ஒன்று, "நல்லா இருக்கேன், ஆனா லேட்டாகும்" என்று இன்னொன்று. மரம் மூடியிருந்தால் செய்தி தாமதமாகும், பேட்டரி தீரும், கருவி ஆற்றில் விழும், இதெல்லாம் நான் ஏற்றுக்கொண்டாச்சு. ஒரு நாள் வராவிட்டால் ஒன்றும் செய்யமாட்டேன். இரண்டு நாள் என்றால் எதிர்வீட்டுத் தம்பியை வைத்து மேப்பில் நீ கடைசியாக நின்ற இடத்தைப் பார்ப்பேன். மூன்றாவது நாள் யாரைக் கூப்பிடுவது, அதை நீ எழுதித் தரணும். இங்கிருந்து அந்த ஊர் அவசர நம்பர் 911 அடித்தால் உன் மலையில் ஒருத்தருக்கும் கேட்காது. அங்கே காணாமல் போனவர்களைத் தேடுவது பெரும்பாலும் அந்தந்த கவுண்ட்டி ஷெரீப், நம்ம மாவட்டப் போலீஸ் மாதிரி, அவர் வேலையாம், அப்படியானால் எந்த வாரம் எந்தக் கவுண்ட்டியில் இருப்பாய், அதன் போன் நம்பர் என்ன, வெளிநாட்டிலிருந்து அடிக்கிற மாதிரி முழு நம்பராக, தமிழில் பெயர் எழுதி. உன் கூடாரம் என்ன நிறம், பை என்ன நிறம், எந்த ஷூ. பாஸ்போர்ட் நகல். நாள் மூன்று போதாது, நாலு வேண்டும் என்றால் சொல், நாலாக்கிக்கொள்கிறேன், ஆனால் நம்பரைச் சொல்லிவிட்டுப் போ.

நீ சொன்ன அந்த எம்மா கேட்வுட் பாட்டியை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. 1955இல், 67 வயசில், பதினொரு பிள்ளை பெற்றவள், சாதாரண கேன்வாஸ் ஷூவும் கையால் தைத்த துணிப்பையும் மழைக்குக் குளியலறைத் திரையும் எடுத்துக்கொண்டு அந்த அப்பலாச்சியன் பாதை முழுவதையும் நடந்தாளாம், சுமார் 3,300 கிலோமீட்டர். முந்தின வருஷம் வழி தவறி, கண்ணாடி உடைந்து திரும்பி வந்தவள் என்பது இன்னும் பிடித்தது. ஆனால் பிள்ளைகளிடம் "கொஞ்சம் நடந்துட்டு வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள் பார், அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. நல்லபடியாகத் திரும்பினாள், சரி. அந்தப் பிள்ளைகள் எந்தத் தேதியிலிருந்து பயப்படலாம் என்று யாரிடம் கேட்பார்கள்?

இன்னும் சில்லறை விஷயங்கள். இன்றைக்குப் படுக்கும் இடத்தை இன்றைக்கே இன்ஸ்டாகிராமில் போடாதே, ஒரு வாரம் கழித்துப் போடு, அழகு குறையாது. திரும்பி வருகிற டிக்கெட் பணத்தை வேறு கணக்கில் போட்டுத் தொடாமல் வை. பாதியில் வந்தால் தெருவில் கேட்பார்கள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன், அந்தப் பேச்சுக்காக உடைந்த காலோடு நடக்காதே. பாலைவனம் முடிந்து சியரா மலை தொடங்கும் கென்னடி மெடோஸுக்கு அனுப்பும் பெட்டியில் குளிர் உடுப்பு போக மீதி இடத்துக்கு என்ன வேண்டும் என்று சொல், சாயல்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோ வாங்கி வைத்திருக்கிறேன், தட்டி டப்பாவில் போட்டுத் தருகிறேன், நீ பிளேனில் எடுத்துப் போய் அங்கிருந்து அனுப்பிக்கொள்.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் ஆரம்பிக்கிறது, விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும், நீ கிளம்புவது அதற்குப் பத்து நாள் கழித்து. காலண்டரில் அந்தத் தேதியை வட்டம் போட்டு, பக்கத்தில் நம்பர் எழுத இடம் விட்டு வைத்திருக்கிறேன். பட்டியல் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வரணும்.

ஊறுகாயை பிளாஸ்டிக் பாட்டிலில் மாற்றிவிட்டேன், இப்போது முந்நூறு கிராம்தான். அது மட்டும் எடுத்துப்போகலாமா என்று தராசைப் பார்த்துச் சொல்.

அம்மா